வாரம் 12 மணி நேர வேலை, 100 பவுண்டுக்கு 79 பென்ஸ்: ஒரு கிரெடிட் கார்டு பிபிஐ கேஸ்

2017 செப்டம்பர்ல ஒரு நாள் சாயந்திரம் பக்கத்து வீட்டு அக்கா கதவைத் தட்டுனாங்க. "தம்பி, டிவில அர்னால்ட்டின்ர தலை ஒண்டு ஓடித் திரியுது, காசு இருக்காம், கெதியாக் கேக்கட்டாம், உது உண்மையோ?"

உண்மைதான். பிரிட்டன்ல எஃப்சிஏ, அதாவது நிதி நிறுவனங்களைக் கண்காணிக்கிற அமைப்பு, அந்த ஆகஸ்ட் 29ம் தேதி, பிபிஐங்கிற கடன் இன்சூரன்ஸை தப்பா வித்ததுக்கு காசு திருப்பிக் கேக்குறதா வேண்டாமான்னு முடிவெடுக்கச் சொல்லி ஒரு விளம்பரம் ஆரம்பிச்சிருந்தாங்க. அர்னால்ட் ஸ்வார்ஸ்நெகரோட தலை மாதிரி ஒரு பொம்மை, கீழ டாங்கி சக்கரம், அது கடை கடையா ஓடி ஜனங்களைப் பாத்து சீக்கிரம் முடிவெடுங்கன்னு கத்தும். செலவு 4.2 கோடி பவுண்டு, அதையும் பிபிஐ வித்த 18 கம்பெனிங்க தலையிலேயே கட்டிட்டாங்க. ரெண்டு வருஷம் டைம், 2019 ஆகஸ்ட் 29க்குள்ள கம்ப்ளெயிண்ட் பண்ணணும், அதுக்கப்புறம் கதவு மூடிடும்.

நான் வக்கீலும் இல்ல, பேங்க்காரனும் இல்ல, சாஃப்ட்வேர் டெஸ்டிங் பாக்குறவன், திருச்சிக்காரன், லண்டன் வந்து பல வருஷம் ஆச்சு. அக்கா யாழ்ப்பாணம். இந்த ஒரு கேஸை நாங்க ரெண்டு பேரும் ஒன்றரை வருஷத்துக்கு மேல இழுத்தோம், அதுல நான் பண்ண ஒரு முட்டாள்தனமும் இருக்கு, அதையும் சேர்த்தே எழுதுறேன். பேங்க் பேர் வேண்டாம், அக்கா பேரும் வேண்டாம்.

முதல்ல பிபிஐன்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு. பேமென்ட் ப்ரொடெக்ஷன் இன்சூரன்ஸ். கடனோ கார்டோ வாங்குறப்ப கூடவே தள்ளி விடுற பாலிசி. வேலை போச்சு, ஒடம்பு முடியல, அடிபட்டு வீட்ல கெடக்கோம்னா கடன் தவணையை கொஞ்ச நாளைக்கு இன்சூரன்ஸ் கட்டும். யோசனையா பாத்தா நல்ல யோசனைதான், அதை நான் இன்னைக்கும் தப்புன்னு சொல்ல மாட்டேன். வித்த விதம்தான் கேவலம். 1990லேருந்து 2010 வரைக்கும் கிட்டத்தட்ட 6.4 கோடி பாலிசி வித்திருக்காங்க, அந்த நாட்டு ஜனத்தொகையே ஏறக்குறைய அவ்வளவுதான். வித்தவங்க நிறைய பேர் எதிர்ல இருக்குற ஆள் இதுல க்ளெய்ம் பண்ண முடியுமான்னு கேட்டதே இல்ல, சொந்தத் தொழில் பண்றவங்க, ஏற்கனவே நோய் இருக்கவங்க, பென்ஷன் வாங்குறவங்க, எல்லார் தலையிலயும் கட்டுனாங்க. கமிஷன் அப்படி.

அக்காகிட்ட பழைய ஸ்டேட்மெண்ட் ஏதாவது இருக்கான்னு கேட்டேன், இருக்காதுன்னு நெனச்சுதான் கேட்டேன். ஒரு பெரிய பிஸ்கட் டின்னும் ஒரு சூட்கேஸும் வந்துச்சு. 1990கள்ல வந்த நாள்லேருந்து ஒரு கடிதம் விடாம வருஷவாரியா ரப்பர் பேண்ட் போட்டு வச்சிருக்காங்க, கேஸ் பில், கவுன்சில் டாக்ஸ், சம்பளச் சீட்டு, எல்லாம். என்னக்கா இதுன்னு கேட்டதுக்கு, "ஹோம் ஆபிஸ்காரன் எப்ப என்னத்தைக் கேப்பான் எண்டு தெரியாது தானே, அகதிக் கேஸ் நடக்கேக்க பழகின பழக்கம்" ன்னாங்க. கடைசில இந்த கேஸை ஜெயிக்க வச்சது அந்த பழக்கம்தான்.

ஸ்டேட்மெண்ட்ல தேடுறப்ப ஒரு விஷயம் கவனிக்கணும், பிபிஐன்னு எங்கயும் எழுதிருக்காது. பேமென்ட் கவர், அக்கவுண்ட் கவர், ரீபேமென்ட் ப்ரொடெக்ஷன், இப்படி ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு பேர் வச்சிருந்தாங்க. அக்கா கார்டுல பேமென்ட் கவர். 2005 நவம்பர் ஸ்டேட்மெண்ட்ல பாக்கி 1,684 பவுண்டு, அதுக்குக் கீழ வட்டிக்கு மேல நடுவுல ஒளிஞ்சுகிட்டு பேமென்ட் கவர் 13 பவுண்டு 30 பென்ஸ். கணக்கு என்னன்னா ஒவ்வொரு 100 பவுண்டு பாக்கிக்கும் 79 பென்ஸ். மாசா மாசம். பாக்கி ஏறுனா ப்ரீமியமும் ஏறும்.

"உது வட்டியெண்டு நினைச்சன் தம்பி."

தப்பு சொல்ல முடியாது, எனக்கே ரெண்டு தடவை பாத்தப்புறம்தான் தெரிஞ்சுது.

கார்டு கதை இதுதான். 2003 பிப்ரவரில கிழக்கு லண்டன்ல ஒரு பேங்க் கிளைக்கு ஊருக்கு காசு அனுப்புறது சம்பந்தமா போயிருக்காங்க, கவுண்டர்ல இருந்த பையன் உங்களுக்கு கார்டு தரலாம்னு உள்ள கூட்டிட்டுப் போய் உக்கார வச்சு ஃபாரம் பூரா அவனே நிரப்பி, பெருக்கல் குறி போட்ட இடத்துல கையெழுத்து வாங்கிட்டான். அப்ப அக்காவுக்கு வேலை ஆபிஸ் க்ளீனிங், திங்கள்லேருந்து வியாழன் வரை சாயந்திரம் 3 மணி நேரம், வாரத்துக்கு 12 மணி. மினிமம் வேஜ் அப்ப 4.20 பவுண்டு, ஆக வாரச் சம்பளம் 50 பவுண்டு 40 பென்ஸ். அந்தச் சம்பளத்துக்கு எப்படி கார்டு குடுத்தாங்கன்னு கேக்காதீங்க, அது அந்தக் காலம். 2009 நவம்பர்ல ஒரு சீட்டு எடுத்து மொத்தமா 2,140 பவுண்டு கட்டி கார்டை மூடிட்டாங்க.

நான் முதல்ல அந்த பேங்க்ல சப்ஜெக்ட் ஆக்செஸ் ரிக்வெஸ்ட் போட்டேன், நம்மளைப் பத்தி அவங்ககிட்ட இருக்குற எல்லா விவரத்தையும் குடுன்னு கேக்குற உரிமை, அப்ப 10 பவுண்டு கட்டணும், 40 நாள் டைம். 2018 மே மாசம் புது டேட்டா சட்டம் வந்தப்புறம் அது இலவசமாயிடுச்சு. உண்மையில பிபிஐ இருந்துச்சா இல்லையான்னு மட்டும் தெரியணும்னா பேங்க்கையே சும்மா கேட்டிருக்கலாம், காசு கிடையாது. ஆனா எனக்கு அந்த ஃபாரம் வேணும். பாலிசி வாசகம் வேணும்.

அக்டோபர் கடைசில ஒரு தடி கவர் வந்துச்சு. 2004லேருந்து ட்ரான்ஸாக்ஷன் லிஸ்ட், 2003 வருஷம் அவங்ககிட்ட இல்ல, நம்ம பிஸ்கட் டின்ல இருந்துச்சு. ஃபாரம் காப்பி இருந்துச்சு, பேமென்ட் கவர் வேணும்ங்கிற கட்டத்துல பேனாவால ஒரு டிக். பாலிசி சுருக்கம் ஒண்ணு இருந்துச்சு, அதோட மூணாவது பக்கத்துல பொடி எழுத்துல போட்டிருந்த ஒரு வரிதான் மொத்த கேஸும்: வேலை இழப்புக்கும் உடல்நலக் குறைவுக்கும் பணம் கெடைக்கணும்னா வாரத்துக்கு குறைஞ்சது 16 மணி நேரம் சம்பளத்துக்கு வேலை பாக்குறவரா இருக்கணும்.

12 மணி. 16 மணி. அவ்வளவுதான். சாவுக்கு மட்டும் பணம் வரும், மத்த எதுக்கும் அக்கா அந்த பாலிசில கால் காசு வாங்கிருக்க முடியாது, ஆனா பாலிசியோட முழு விலையும் கட்டிருக்காங்க.

இதுக்கு நடுவுல 2006 குளிர்காலத்துல ஆபிஸ் மாடிப்படில ஈரத்துல வழுக்கி விழுந்து மணிக்கட்டு உடைஞ்சு ஏழு வாரம் வேலைக்குப் போகல. சம்பளம் ரொம்பக் கம்மிங்கிறதால அரசாங்க சிக் பேயும் கிடையாது. அந்த ஏழு வாரமும் கார்டுல பேமென்ட் கவர் கரெக்டா பிடிச்சிருக்கான். ஏன்க்கா க்ளெய்ம் பண்ணலன்னு அறிவில்லாம கேட்டேன். "எனக்கு இன்சூரன்ஸ் இருந்ததெண்டே தெரியாது, பிறகு எப்பிடி நான் கேக்கிறது?"

நான் பண்ண முட்டாள்தனம்

இவ்வளவு தெளிவான விஷயம் கையில இருந்தும் நான் என்ன பண்ணேன்னா, யாரோ எழுதுன ஒரு ரெடிமேட் கம்ப்ளெயிண்ட் லெட்டரை எடுத்து அதுல அக்கா பேரைப் போட்டு மூணு பக்கம் கொந்தளிச்சு எழுதிட்டேன். அதுல ஒரு வரி, இன்சூரன்ஸ் எடுக்கலன்னா கார்டு கெடைக்காதுன்னு ஊழியர் சொன்னார்னு. இன்னொரு வரி, மணிக்கணக்கா வற்புறுத்துனாங்கன்னு. 16 மணி நேர விஷயம் ரெண்டாம் பக்கத்துல நாலாவது பாராவுல எங்கயோ கெடந்துச்சு. அக்காகிட்ட வாசிச்சுக் காட்டாம, இங்க கையெழுத்து போடுங்கக்கான்னு சொன்னேன், அவங்களும் போட்டாங்க. 2003ல அந்த பையன் பண்ணதுக்கும் 2017 நவம்பர்ல நான் பண்ணதுக்கும் என்ன வித்தியாசம்னு ராத்திரி படுக்கும்போதுதான் ஒறைச்சுது, ஆனா தபால் போயிடுச்சு.

டிசம்பர்ல பேங்க்லேருந்து அக்காவுக்கு போன். நான் ஆபிஸ்ல. அவங்களுக்குத் தெரிஞ்ச இங்கிலீஷ்ல நடந்ததை நடந்தபடி சொல்லிருக்காங்க, அவன் இன்சூரன்ஸ் பத்தி எதுவுமே பேசல, எனக்கு ஞாபகம் இல்லன்னு. சாயந்திரம் என்கிட்ட சொல்றப்ப நான் லெட்டர்ல எழுதுனதை முதல் தடவையா வாசிச்சுக் காட்டுனேன்.

"அப்பிடி ஒண்டும் அவன் சொல்லேல்லை தம்பி. நீங்கள் ஏன் அப்பிடி எழுதினனீங்கள்?"

பதில் சொல்ல முடியல.

2018 ஜனவரில பேங்க்கோட கடைசி பதில் வந்துச்சு. நான் பயந்த மாதிரியே. உங்க கடிதத்துல கட்டாயம்னு சொன்னதா எழுதிருக்கீங்க, போன்ல அந்தப் பேச்சே நடக்கலன்னு சொல்றீங்க, ரெண்டும் ஒத்துப்போகல, ஃபாரத்துல டிக் இருக்கு, கையெழுத்து இருக்கு, பாலிசி வாசகம் தபால்ல அனுப்பிருப்போம், நாங்க ஆலோசனை எதுவும் சொல்லல, தகவல்தான் குடுத்தோம், அதனால தப்பா வித்ததா ஏத்துக்க முடியாது. 16 மணி நேரம் பத்தி ஒரே ஒரு வரி, 2007லேருந்து நீங்க 20 மணி நேரம் வேலை பாத்ததா எங்க விவரம் சொல்லுது, ஆக பாலிசி உங்களுக்கு உபயோகமாத்தான் இருந்துச்சுன்னு. அக்கா 2007ல ஒரு ஸ்கூல் கேண்டீனுக்கு மாறுனது உண்மைதான்.

அதே கடிதத்துல கீழ ஒரு தேன் தடவுன பகுதி. தப்பா விக்கல, இருந்தாலும் ப்ளெவின் விதிப்படி உங்களுக்கு 485 பவுண்டு தர்றோம், இந்த ஃபாரத்துல கையெழுத்து போட்டு அனுப்புங்க.

அந்த 485 எங்கேருந்து வந்துச்சு

இதைப் புரிஞ்சுக்கிறதுக்கு சூசன் ப்ளெவின்ங்கிற அம்மா கதை தெரியணும். காலேஜ்ல பாடம் எடுத்தவங்க, கணவர் இறந்தவங்க, 2006ல பாராகன்ங்கிற கம்பெனில 34,000 பவுண்டு கடன் வாங்குனாங்க, கூடவே 5,780 பவுண்டுக்கு பிபிஐ. அந்த 5,780ல இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போனது வெறும் 1,630. மிச்சத்தை தரகரும் கடன் குடுத்தவரும் பங்கு போட்டுக்கிட்டாங்க, 71.8 சதவீதம் கமிஷன், அதை அந்தம்மாகிட்ட யாரும் சொல்லல. 2014 நவம்பர்ல சுப்ரீம் கோர்ட், இவ்வளவு கமிஷனை மறைச்சது அந்தக் கடன் உறவையே நியாயமில்லாததா ஆக்கிடுச்சுன்னு தீர்ப்பு சொல்லுச்சு. நூறு ரூபா குடுத்து அரிசி வாங்குனா இருபத்தெட்டு ரூபாதான் அரிசிக்கு, மிச்சம் கடைக்காரனுக்கும் கூட்டிட்டு வந்தவனுக்கும்னா யாரு வாங்குவா?

அந்தத் தீர்ப்புக்கு அப்புறம் எஃப்சிஏ ஒரு விதி போட்டுச்சு. பாலிசியை ஒழுங்காவே வித்திருந்தாலும், கமிஷன் 50 சதவீதத்துக்கு மேல இருந்து அதைச் சொல்லலன்னா, 50க்கு மேல இருக்குற பங்கை மட்டும் வட்டியோட திருப்பிக் குடு. அக்கா கார்டுல கமிஷன் 67 சதவீதம். ஆக 17 சதவீதம்தான் திரும்பும், மிச்ச 83 பேங்க்கோடவே இருக்கும். எனக்கு இந்த 50ங்கிற எண்ணுல இன்னமும் உடன்பாடு கிடையாது, நியாயமில்லாத உறவுன்னு கோர்ட் சொன்னதை எடுத்து, பாதி வரைக்கும் நியாயம்தான்னு அமைப்பே கோடு கிழிச்ச மாதிரி இருக்கு.

தப்பா வித்ததுன்னு நிரூபிச்சா 100 சதவீதம், கமிஷன் மறைச்சது மட்டும்னா 17. ரெண்டும் ரெண்டு வேற கேஸ். எனக்குத் தெரிஞ்ச ரெண்டு மூணு பேர் இந்த மாதிரி செக் வந்ததும் ஜெயிச்சுட்டோம்னு நெனச்சு சந்தோஷமா பேங்க்ல போட்டுட்டாங்க. அக்காவும் "விடுங்கோ தம்பி, வந்தது போதும்" ன்னுதான் சொன்னாங்க. நான்தான் விடல, பாதி என் தப்பை சரி பண்ணணும்ங்கிற குத்த உணர்ச்சி, பாதி அந்த 20 மணி நேர வாதம் கெளப்புன கோவம். வித்த நாள்ல 12 மணி நேரம் வேலை பாத்தவங்களுக்கு நாலு வருஷம் கழிச்சு பொருந்தும்ங்கிறது, அளவில்லாத செருப்பை வித்துட்டு கால் வளரும்னு சொல்ற மாதிரி.

கடைசி பதில் வந்த தேதிலேருந்து ஆறு மாசத்துக்குள்ள ஃபைனான்ஷியல் ஓம்புட்ஸ்மன்கிட்ட போகலாம், பேங்க் மேல வர்ற புகாரைப் பாத்து தீர்ப்பு சொல்ற அமைப்பு. நமக்கு ஒரு பென்னி செலவில்ல. இதைச் சொல்றதுக்குக் காரணம், அந்த சமயத்துல க்ளெய்ம் கம்பெனிக்காரங்க நாளுக்கு மூணு போன் பண்ணுவாங்க, வர்ற காசுல 25, 30 சதவீதம், அதுமேல வாட். 2018 ஜூலை 10லேருந்து 20 சதவீதம் ப்ளஸ் வாட்தான் உச்சம்னு சட்டம் வந்துச்சு, அப்பவும் அவங்க பண்றது நான் முதல்ல பண்ண அதே ரெடிமேட் லெட்டர் வேலைதான்.

இந்த தடவை அக்காவை எதிர்ல உக்கார வச்சு, டீ போட்டு, அவங்க சொல்ல சொல்ல எழுதுனேன். ஓம்புட்ஸ்மனோட கேள்வித்தாள்லயே தெளிவா கேட்டிருக்கும், எங்க வித்தாங்க, யார் நிரப்புனது, அப்ப என்ன வேலை, வாரம் எத்தன மணி, ஒடம்பு எப்படி, சேமிப்பு இருந்துச்சா, முதலாளி சிக் பே குடுப்பாரான்னு. எல்லாத்துக்கும் உண்மையான பதில். ஞாபகம் இல்லாததுக்கு ஞாபகம் இல்ல. முதல் கடிதத்துல இருந்த ரெண்டு வரியும் எழுதிக் குடுத்தவர் தப்பு, அக்கா அப்படி சொல்லலன்னு நானே ஒரு பாரா எழுதி என் கையெழுத்தையும் போட்டேன். கூட 2003 பிப்ரவரி, மார்ச் சம்பளச் சீட்டு நாலு, ஒவ்வொண்ணுலயும் 12 மணின்னு அச்சடிச்சிருக்கு, பாலிசி மூணாவது பக்கத்துல அந்த வரிக்கு மஞ்சள் கோடு. ஏப்ரல்ல அனுப்பிட்டோம்.

அப்புறம் ஒரு வருஷம் சத்தமே இல்ல. ஓம்புட்ஸ்மன்கிட்ட அப்ப லட்சக்கணக்குல பிபிஐ கேஸ் குவிஞ்சு கெடந்துச்சு. குவிஞ்சதுக்கும் பேங்க்குகதான் காரணம். 2005 செப்டம்பர்லயே சிட்டிசன்ஸ் அட்வைஸ் இந்த பாலிசி ஒரு கொள்ளைன்னு பெரிய புகார் குடுத்துட்டாங்க, 2008 டிசம்பர்ல எக்ங்கிற பேங்க்குக்கு இதே கிரெடிட் கார்டு பிபிஐக்காக 7,21,000 பவுண்டு அபராதம், போன்ல வேண்டாம்னு சொன்னவங்ககிட்டயும் பேசிப் பேசி வித்ததுக்கு. அப்பவே நிறுத்திருக்கலாம். அதை விட்டுட்டு, பழைய வித்தலையும் சரி பண்ணுன்னு 2010ல விதி வந்தப்ப பேங்க்குக எல்லாம் சேந்து கோர்ட்டுக்குப் போனாங்க, 2011 ஏப்ரல்ல தோத்தாங்க. மே மாசம் லாய்ட்ஸ் முதல்ல வெளிய வந்து 320 கோடி பவுண்டு ஒதுக்குச்சு, அப்புறம் வரிசையா எல்லாரும். 2019 முடியுறதுக்குள்ள திருப்பிக் குடுத்த மொத்தம் 3,800 கோடி பவுண்டைத் தாண்டிடுச்சு.

2019 மார்ச்ல அட்ஜூடிகேட்டர், அதாவது ஓம்புட்ஸ்மன் ஆபிஸ்ல கேஸை முதல்ல பாக்குறவர், முடிவு வந்துச்சு, ரெண்டு பக்கம். ஃபாரத்துல டிக்கை யார் போட்டதுன்னு இப்ப சொல்ல முடியாது, பேங்க் ஆலோசனை சொல்லுச்சா தகவல் மட்டும் குடுத்துச்சான்னும் முடிவு பண்ண வேண்டியதில்ல. எது எப்படின்னாலும் 16 மணி நேர நிபந்தனையை வித்த நாள்ல தெளிவா எடுத்துச் சொல்லிருக்கணும், சொன்னதுக்கு ஆதாரம் இல்ல, சொல்லிருந்தா வாரம் 12 மணி நேரம் வேலை பாக்குற ஒருத்தர் இதை எடுத்திருக்க மாட்டார். பின்னாடி வேலை மாறுனது பொருட்டில்ல. 2005 ஜனவரிக்கு முன்னாடி நடந்த விற்பனை, அப்ப இன்சூரன்ஸ் விக்கிறதுக்கு எஃப்எஸ்ஏ (எஃப்சிஏவுக்கு முன்னாடி இருந்த அமைப்பு) விதியே வரலன்னு பேங்க் ஒரு வாதம் வச்சிருந்துச்சு, அதையும் ஒதுக்கிட்டாங்க, அப்ப இருந்த பொதுவான கடமையே போதும்னு. முதல் கடிதத்தைப் பத்தி ஒரு வரி: விளக்கத்தை ஏத்துக்கிறோம். நான் அந்த வரியை ரெண்டு தடவை வாசிச்சேன்.

ஏப்ரல்ல பேங்க் ஒத்துக்கிச்சு, அடுத்த கட்டத்துக்கு ஓம்புட்ஸ்மன்கிட்டயே கொண்டு போகல.

கணக்கு, ஏன்னா இதுதான் யாருக்கும் புரியறதில்ல

81 மாசத்துல அக்கா கட்டுன ப்ரீமியம் மொத்தம் 1,079 பவுண்டு. சரி, 1,079 திரும்ப வரும்னுதான் அக்கா நெனச்சாங்க. ஆனா கார்டு பிபிஐல ப்ரீமியம் தனியா கட்டுறதில்ல, கார்டு பாக்கிலயே ஏறும், அந்த பாக்கிக்கு 18.9 சதவீதம் வட்டி, அந்த வட்டியும் பாக்கில ஏறும், ஏறுன பாக்கிக்கு மறுபடியும் 100க்கு 79 பென்ஸ். அதனால கார்டுல இன்சூரன்ஸே இல்லாம, அக்கா அதே சாமான் வாங்கி, அதே தவணையை அதே தேதில கட்டிருந்தா கடைசில பாக்கி எவ்வளவு இருந்திருக்கும்னு முதல் மாசத்துலேருந்து திரும்ப போட்டுப் பாக்கணும். அந்த 2005 நவம்பர் 13 பவுண்டு 30 பென்ஸை மட்டும் எடுத்துக்கங்க, நாலு வருஷம் வட்டிக்கு வட்டி ஓடி 2009 நவம்பர்ல அது 26 பவுண்டு 58 பென்ஸ். ரெண்டு மடங்கு. எங்க ஊர் கந்துவட்டிக்காரன் வெக்கப்படுவான்னு சொல்லலாம்னு பாத்தேன், இல்ல, அவன் இதைவிட மோசம்.

ஆக ப்ரீமியம் 1,079, அது மேல ஓடுன கார்டு வட்டி 796, மொத்தம் 1,875. என்னோட ஸ்ப்ரெட்ஷீட்ல 1,902 வந்துச்சு, நடுவுல வட்டி விகிதம் கொஞ்சம் மாறினதை நான் சரியா போடல, 27 பவுண்டுக்கு சண்டை போடற தெம்பு ரெண்டு பேருக்கும் இல்ல. இதுல என்னை உலுக்குனது வேற ஒரு எண். 2009ல சீட்டு எடுத்து கட்டுன 2,140 பவுண்டுல, இன்சூரன்ஸ் இல்லாம இருந்திருந்தா பாக்கி வெறும் 265 பவுண்டுதான். மிச்சம் பூரா அந்த ஒரு டிக். அந்த சீட்டுக் காசு அக்கா தம்பியோட கல்யாணத்துக்கு அனுப்ப வச்சிருந்தது.

அப்புறம் 2009 நவம்பர்லேருந்து 2019 மே வரைக்கும் 9 வருஷம் 6 மாசம் அந்த 1,875 பேங்க்கிட்ட சும்மா கெடந்துச்சுல்ல, அதுக்கு வருஷம் 8 சதவீதம் தனி வட்டி, வருஷத்துக்கு 150 பவுண்டு, மொத்தம் 1,425. இது வட்டிக்கு வட்டி இல்ல, நேர் வட்டி, பேங்க் நம்மகிட்ட வாங்குறப்ப ஒரு கணக்கு நமக்குக் குடுக்குறப்ப ஒரு கணக்கு. இதுல 20 சதவீதம் வரி, 285 பவுண்டு, பேங்க்கே பிடிச்சுடும். கைக்கு வந்தது 3,015. 2018 ஜனவரில தர்றோம்னு சொன்ன 485ஐ யோசிச்சுக்கங்க.

அந்த 285ஐ நிறைய பேர் விட்டுடறாங்க. பிடிக்கறது 8 சதவீத வட்டி பகுதில மட்டும்தான், ப்ரீமியத்துக்கோ கார்டு வட்டிக்கோ வரி கிடையாது. அக்காவோட வருஷ வருமானம் வரி கட்டுற அளவுக்கே வராது, அந்த வருஷம் 12,500 பவுண்டு வரைக்கும் வரியே இல்ல, ஆக பிடிச்ச 285ம் அவங்களுது. ஆர்40ன்னு ஒரு ஃபாரம், வருமான வரி ஆபிஸுக்கு அனுப்பணும், நாலு வருஷம் வரைக்கும் டைம் உண்டு. பேங்க் குடுத்த கணக்குத் தாள்ல எவ்வளவு வரி பிடிச்சோம்னு இருக்கும், அதைத் தூக்கிப் போட்டுடாதீங்க. அக்கா தூக்கிப் போடற ஆள் இல்ல. ஜூன்ல அனுப்புனோம், ஆகஸ்ட்ல காசு வந்துச்சு.

அத்தோட முடிஞ்சுதுன்னு நெனச்சேன். 2019 அக்டோபர்ல வீடு மாறுறாங்கன்னு சூட்கேஸைத் தூக்க உதவிக்குப் போனேன், அடில ஒரு ரப்பர் பேண்ட் கட்டு, அக்கா வீட்டு அண்ணன் பேர்ல ஒரு ஃபர்னிச்சர் கடை கார்டு ஸ்டேட்மெண்ட், 2002லேருந்து 2007 வரைக்கும். மேல இருந்ததை உருவிப் பாத்தேன். அக்கவுண்ட் கவர், 3 பவுண்டு 12 பென்ஸ். அண்ணன் அப்ப மினி கேப் ஓட்டிட்டு இருந்தார், சொந்தத் தொழில்.

நான் அக்கா கார்டை மட்டும்தான் கேட்டேன். வீட்ல வேற யாருக்காவது இருந்துச்சான்னு ரெண்டு வருஷத்துல ஒரு தடவை கூட கேக்கல. ஆகஸ்ட் 29 போய் ஆறு வாரம் ஆச்சு. எழுதிப் பாத்தோம், கெடு முடிஞ்சுது, விதிவிலக்கான சூழ்நிலை எதுவும் தெரியல, பாக்க முடியாதுன்னு நாலு வரில பதில். 2023 நவம்பர்ல சுப்ரீம் கோர்ட் ஸ்மித்ங்கிற ஒரு அம்மாவோட கிரெடிட் கார்டு பிபிஐ கேஸ்ல, கோர்ட்ல கேஸ் போடறதுக்கான ஆறு வருஷக் கணக்கை இன்சூரன்ஸ் நின்ன நாள்லேருந்து இல்ல, கார்டு உறவு முடிஞ்ச நாள்லேருந்துதான் எண்ணணும்னு சொன்னப்ப ஒரு நிமிஷம் ஆசை வந்துச்சு, உக்காந்து எண்ணிப் பாத்தேன். அண்ணன் கார்டு 2007லயே மூடியாச்சு.

அண்ணன் கோவிக்கல. "மூண்டு பவுண்ஸ் தானே தம்பி" ன்னார். அக்கா அந்தக் கட்டை வாங்கி மறுபடி ரப்பர் பேண்ட் போட்டு சூட்கேஸ்ல வச்சாங்க.